தாளா, மண் தட்டா, வாசலா: நாய்க்குட்டிக்கு எதைப் பழக்குவது?

இரண்டு மாதக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் கேள்வி இது. சிறுநீர், மலம் கழிக்கக் குட்டியைக் கூடத்தில் தாள் விரித்துப் பழக்குவதா, பால்கனியில் ஒரு தட்டு வைப்பதா, முதல் நாளிலிருந்தே வெளியே தூக்கிக்கொண்டு போவதா, கூண்டு வாங்கி நேரத்துக்குத் திறந்துவிடுவதா? ஒவ்வொன்றுக்கும் பரிந்துபேச ஆள் உண்டு. கடையில் சிறுநீர் உறிஞ்சும் பேட் எடுத்து நீட்டுவார்கள். பக்கத்து வீட்டு மாமா “மொட்டை மாடியில விடுங்க, தானா பழகிடும்” என்பார். யூடியூபில் சொல்லித்தருபவருக்கு வீட்டுக்குப் பின்னால் பெரிய புல்வெளி இருக்கும். நம்மில் பலரிடம் இருப்பது மூன்றாவது மாடியும், துணி காயப்போடும் ஒரு சின்ன பால்கனியும்தான்.

தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை குட்டிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எனக்குப் பல வருடப் பழக்கம். அவை போய்ச் சேர்ந்த வீடுகளிலிருந்து வரும் அழைப்புகள் பெரும்பாலும் இந்த விஷயமாகத்தான் இருக்கும். சிலர் இதற்காகவே குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அந்த வீடுகளில் யாரும் குட்டியை வெறுத்தவர்கள் கிடையாது. தங்கள் வீட்டுக்குப் பொருந்தாத முறையை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் சலித்துப்போனவர்கள். அதனால் எந்த முறை நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒன்றைக் கேட்பேன். ஒரு வயது ஆன பிறகு இந்த நாய் எங்கே போக வேண்டும்? தோட்டத்திலா, தெருவோரத்திலா, காலம் முழுக்க பால்கனியிலேயா? அந்த இடத்துக்கு ஆகக் குறைந்த சுற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும் முறைதான் உங்கள் வீட்டுக்கான முறை.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது

பிறந்து மூன்று வாரம் ஆனதுமே குட்டிகள் படுத்த இடத்தைவிட்டு நகர்ந்து போய்ச் சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிடும். எட்டு, ஒன்பது வாரத்தில் ‘இந்த மாதிரித் தரைதான் இதற்கு’ என்ற பழக்கம் படிய ஆரம்பிக்கும். குட்டி இடத்தை நினைவில் வைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதைவிட ஆழமாக அதன் பாதத்துக்குப் படும் பரப்பை நினைவில் வைக்கிறது. மண்ணில் வளர்ந்த தெருக்குட்டி வீட்டுக்கு வந்ததும் பூந்தொட்டியைத் தேடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் செய்தித்தாள் மேல் வளர்ந்த குட்டி தாளைத் தேடும். தாள் கிடைக்காவிட்டால் கால்மிதி, பாய், கட்டிலிலிருந்து தொங்கும் போர்வை என்று மெத்தென்று எது இருக்கிறதோ அங்கே போய் நிற்கும்.

குட்டி நம் கைக்கு வருவதும் சரியாக இந்த வயதில்தான். இந்தியாவில் நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அப்படியும் ‘45 நாள் குட்டி விற்பனைக்கு’ என்ற விளம்பரங்கள் நின்றபாடில்லை. தாயிடமும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டிய நாட்களைப் பறித்துக்கொண்டு வரும் அந்தக் குட்டிகளுக்குப் பழக்குவது கூடுதல் சிரமம். எட்டு வாரம் முடியும்வரை காத்திருங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் வாங்காதீர்கள்.

அடக்கும் சக்திக்கு ஒரு சுமாரான கணக்கு உண்டு. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் அமைதியாகத் தூங்கினால் தாங்கும் உச்ச அளவு. விழித்து ஓடியாடும் குட்டிக்கு அரை மணிக்கு ஒருதரம்கூட வந்துவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி அரை மணிக்குள், விளையாடி முடித்ததும் என இந்த மூன்று நேரங்களில் குட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இருந்தால் கீழே சொல்லும் எல்லா முறைகளும் ஓரளவுக்குப் பலன் தரும்.

சாப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் குட்டி என்றால் பால் சோறும் பாலில் நனைத்த பிஸ்கட்டும்தான் கொடுப்பார்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். குடற்புழு இருந்தாலும் அப்படியே. இளகிப் போகும் குட்டியால் அடக்க முடியாது, நமக்கும் நேரம் கணிக்க முடியாது. பாலை நிறுத்தி, புழு மருந்து கொடுத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை அதே நேரத்தில் சாப்பாடு வைத்தால் ஒரு வாரத்தில் மலம் கழிக்கும் நேரம் கடிகாரம்போல ஆகிவிடும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து.

தாளும் பேடும்

இதற்குக் கிடைத்திருக்கும் பெயர் வசதிக்காக. மழையானாலும் நடு ராத்திரியானாலும் வெளியே போக வேண்டாம். செய்தித்தாளுக்குச் செலவே இல்லை. பேட் என்பது ஈரம் உறிஞ்சும் விரிப்பு, அடியில் பிளாஸ்டிக். ஒன்று சுமார் 20 முதல் 40 ரூபாய் வரும். ஒரு நாளைக்கு நான்கைந்து போனால் மாதக் கடைசியில் கணக்கு கனமாகத்தான் இருக்கும்.

எனக்கு இதில் பிடிக்காதது செலவு அல்ல. வீட்டுக்குள் போகலாம், மெத்தென்ற விரிப்பின் மேல் போகலாம் என்ற இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டு, நாலு மாதம் கழித்து இரண்டையும் மறக்கச் சொல்கிறோம். பேட் பழகிய குட்டியைப் பூங்காவில் முக்கால் மணி நேரம் நடக்கவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தால், உள்ளே நுழைந்ததும் ஓடிப்போய் பேடில் நிற்கும். அதன் கணக்கில் அது நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்கிறது. கடித்து விளையாடும் குட்டிகள் பேடைக் கிழித்து உள்ளே இருக்கும் பஞ்சையும் ஜெல்லையும் விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அது குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம்.

இருந்தாலும் சில வீடுகளுக்கு பேடைத்தான் நான் சிபாரிசு செய்வேன். படியேறி இறங்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீடு, நாலைந்து கிலோவுக்கு மேல் வளராத சின்ன இன நாய், கடைசி வரைக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் போனால் போதும் என்று முடிவெடுத்தவர்கள். இவர்களுக்குப் பழக்கத்தை மாற்றும் வேலையே கிடையாது. அப்படி வைத்துக்கொண்டால் கால்மிதிகளையும் சின்ன விரிப்புகளையும் ஆறு மாதத்துக்குப் பரணில் போட்டுவிடுங்கள். பேட் இருக்கும் இடத்தை மாற்றாதீர்கள்.

குளியலறைத் தரையில் பழக்குபவர்களும் நிறைய. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது என்ற சௌகரியம் புரிகிறது. ஆனால் குளியலறை டைல்ஸும் கூடத்து டைல்ஸும் குட்டியின் பாதத்துக்கு ஒன்றுதான். இந்த முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மண் தட்டு, புல் தட்டு

மாடி வீட்டுக்காரர்களுக்கு என் முதல் தேர்வு இது. இரண்டடிக்கு மூன்றடி அளவில் விளிம்பு உயர்ந்த ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் நான்கு அங்குலத்துக்கு மண். அல்லது நர்சரியில் சதுர அடிக் கணக்கில் பாய்போல வெட்டித் தரும் கொரியன் புல். குட்டி தெருவில் இறங்கும் நாள் வரும்போது அதற்கு இடம் மட்டும்தான் புதிது, தரை பழகியது. பேடிலிருந்து வெளியே மாற்றுவதற்குப் பல வாரம் போராடுபவர்களைப் பார்த்த எனக்கு, தட்டில் பழகிய குட்டி முதல் நாளே மரத்தடி மண்ணில் போய் நிற்பதைப் பார்ப்பது பெரிய நிம்மதி.

வேலையும் உண்டு. மலத்தை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். குட்டிகளின் உருளைப்புழு முட்டை மண்ணில் கிடந்து, இரண்டு மூன்று வாரத்தில் தொற்றக்கூடிய நிலைக்கு வரும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதில் அலட்சியமே கூடாது. சிறுநீரில் இருக்கும் நைட்ரஜனால் புல் சில வாரங்களில் மஞ்சளாகிக் கருகும், மாற்ற வேண்டியதுதான். மண்ணையும் அவ்வப்போது மாற்றினால்தான் நாற்றம் அடிக்காது. தென்னை நார்க்கழிவு மலிவு என்று சிலர் போடுகிறார்கள். குட்டிகள் அதைத் தின்றுவிடும், தண்ணீரில் ஊறி உப்பும் பொருள் அது, வேண்டாம். பிளாஸ்டிக் புல்லும் விற்கிறது. தினமும் கழுவிக் காயவைக்க முடிகிறவர்களுக்குப் பரவாயில்லை. ஒரு நாள் விட்டால் சித்திரை வெயிலில் பால்கனிப் பக்கம் நிற்க முடியாது.

தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் கீழ் வீட்டுத் துணி மேல் சொட்டினால் அப்புறம் அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் குட்டிதான் பேச்சு. அடியில் இன்னொரு தட்டு வையுங்கள். அசோசியேஷன் என்றதும் நினைவுக்கு வருகிறது: நாய் வளர்க்கவோ லிஃப்டில் கூட்டிப்போகவோ குடியிருப்புச் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதே வழிகாட்டுதல், பொது இடத்தில் நாய் மலம் கழித்தால் அதைச் சுத்தம் செய்யும்படி வளர்ப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறது. முதல் பகுதியைக் காட்டி வாதாடுகிறவர்கள் இரண்டாவதையும் செய்தால் பாதிச் சண்டை இருக்காது.

லாப்ரடார், ராஜபாளையம் மாதிரி பெரிதாக வளரும் குட்டிகளுக்கு இந்தத் தட்டு நான்கைந்து மாதம் வரைக்கும்தான். அதற்குமேல் அந்த உடம்புக்கும் அளவுக்கும் பால்கனி போதாது.

நேராக வெளியே

ஒரே தடவை கற்றுக்கொடுத்தால் போதும், மறக்கவைக்க எதுவும் இல்லை. அந்த வகையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. சொந்தக் காம்பவுண்டுச் சுவரும் கொஞ்சம் மண் தரையும் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

தெருதான் வெளி என்றால் தடுப்பூசி குறுக்கே வருகிறது. பார்வோ வைரஸ் 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய நோய். இன்றும் தடுப்பூசி முடியாத குட்டிகளை ரத்த வாந்தி, பேதியில் கொண்டுபோகிறது. நோயுற்ற நாயின் மலத்தின் வழியாக மண்ணில் சேர்ந்த கிருமி பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை ஊசி போடுவது இதற்காகத்தான். பழகுவதற்கு மிகத் தோதான வயதும், தெருவில் இறக்கக் கூடாத வயதும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதுதான் இந்த விஷயத்தின் உண்மையான சிக்கல்.

அதற்காக 16 வாரம் வரைக்கும் நாலு சுவருக்குள் வைப்பதும் சரியில்லை. மனிதர்கள், வண்டிச் சத்தம், மற்ற நாய்கள் எல்லாவற்றையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய மூன்று முதல் 14 வாரம் வரைதான். அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008இலேயே, முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆனதும் குட்டிகளைப் பயிற்சி வகுப்புக்குக் கூட்டிவரலாம் என்று சொன்னது. தெருநாய்களும் உண்ணியும் அதிகமான நம் தெருக்களில் நான் சொல்லும் வழி: தெருவைக் கையில் தூக்கிவைத்துக் காட்டுங்கள், தரையில் இறக்குவது சொந்தக் காம்பவுண்டிலோ, தடுப்பூசி போட்ட நாய்கள் மட்டும் இருக்கும் நண்பர் வீட்டுத் தோட்டத்திலோ இருக்கட்டும். உங்கள் தெருவில் பார்வோ வந்த நாய் இருந்ததா என்று குட்டிக்கு ஊசி போடும் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். வெளியில் போட்ட செருப்பை வாசலிலேயே விடுவதும் இந்த வயதில் ஒரு பாதுகாப்புதான்.

வெளியே கூட்டிப்போவதிலும் செய்முறை இருக்கிறது. சொந்தத் தோட்டமானாலும் கயிறு மாட்டி, தினமும் அதே மூலைக்குப் போங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போய்விட்டால் அந்த நொடியே, அந்த இடத்திலேயே கொஞ்சிப் பாராட்டி ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் குட்டி நினைக்கும். முடிந்ததும் உடனே உள்ளே இழுத்து வராதீர்கள். சிறுநீர் கழித்தால் வெளியில் இருக்கும் சந்தோஷம் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்ட குட்டி, முடிந்தமட்டும் அடக்கிவைத்துக்கொண்டு ஊர் சுற்றப் பார்க்கும். கொஞ்சம் விளையாடிவிட்டு வாருங்கள். மாடியிலிருந்து இறங்கும்போது கையில் தூக்கிக்கொள்ளுங்கள். தூக்கிவைத்திருக்கும் குட்டி பெரும்பாலும் விட்டுவிடாது, லிஃப்டுக்காகத் தரையில் நிற்கும் குட்டி விட்டுவிடும்.

கூண்டு

கூண்டைத் தனி முறையாக எண்ணுவதே தவறு என்பது என் அபிப்பிராயம். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற குட்டியின் இயல்பை நம்பித்தான் அது வேலை செய்கிறது. கண்காணிக்க ஆள் இல்லாத ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கும் ராத்திரிக்கும் உதவும். நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் தூங்கி இன்னொரு மூலையில் போகும். திறந்ததும் நேராகத் தட்டுக்கோ வாசலுக்கோ தூக்கிப்போக வேண்டும்.

கடைக் கூண்டில் வாரக்கணக்கில் இருந்த குட்டிகளிடம் இது பலிக்காது. படுத்த இடத்திலேயே போவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி இருந்ததில்லை, அந்த இயல்பு மழுங்கிப்போயிருக்கும். அவற்றை மறுபடி அடைத்துவைத்துப் பழக்க நினைப்பது கொடுமை. மே மாதத்தில் மின்சாரம் போனால் காற்றோட்டமில்லாத கூண்டில் பக், ஷிட்ஸு மாதிரி மூக்குச் சப்பையான குட்டிகள் மூச்சுக்குத் திணறும் என்பதையும் மறக்கக் கூடாது. கூண்டு வேண்டாம் என்பவர்கள் கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்க்கலாம். குட்டி மூக்கைத் தரையில் வைத்துச் சுற்ற ஆரம்பித்ததும் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது இதுதான்.

மொட்டை மாடியில் விட்டுவிடும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாராட்ட ஆள் இல்லாத இடத்தில் குட்டி எதையும் கற்றுக்கொள்வதில்லை, சிமெண்டுத் தரையில் போகப் பழகும், பகலில் பாதம் சுடும், ராத்திரி தனிமையில் அழும்.

எதை எடுத்தாலும் மாறாதவை

அடிப்பதும், மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்ப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. குட்டி அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது. அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும், வெளியே கூட்டிப்போனால் உங்கள் முன்னால் போக பயப்படும். போய்க்கொண்டிருக்கும்போது பார்த்தால் சத்தம் போடாமல் தூக்கிச் சரியான இடத்தில் விடுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் துடைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

துடைப்பதற்கு ஃபினாயில் போதாது. நம் மூக்குக்கு ஃபினாயில் வாசம் தெரியும், குட்டியின் மூக்குக்கு அடியில் இருக்கும் சிறுநீர் வாசமும் தெரியும். அந்த வாசம்தான் மறுபடி அங்கே அழைக்கும். கறுப்பு ஃபினாயில் குட்டி நக்கினால் விஷம் வேறு. முதலில் ஈரத்தை ஒற்றி எடுத்து, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர் ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள்.

நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். விருந்தாளியைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு கொஞ்சம் விட்டுவிடுவது பயத்தாலோ பரபரப்பாலோ வருவது. திட்டினால் அது கூடும், கண்டுகொள்ளாமல் விட்டால் வளர வளரப் போய்விடும்.

எந்த வீட்டுக்கு எது

கோவையிலோ மதுரையிலோ தோட்டமுள்ள தனி வீடு, பகலில் ஒருவராவது இருப்பார் என்றால் நேராகத் தோட்டம்தான். தெருவிலிருந்து தத்தெடுத்த நாட்டுக் குட்டியானால் இன்னும் எளிது, மண்ணைக் காட்டினாலே போதும். சென்னையில் மாடி வீடு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் ஒருவர் இருந்தால் மண் தட்டு, தடுப்பூசி முடிந்ததும் தெரு. தட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப்போய் கீழே மரத்தடியில் தூவிவிட்டால் குட்டிக்கு உடனே பிடிபடும். இருவரும் காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் வீடு என்றால் எந்த முறையைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். மதியம் வந்து பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் பழகி முடித்த பெரிய நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். அப்படிப்பட்ட நாய்களுக்கு வீடு கிடைப்பதுதான் மிகக் கடினம் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் குட்டி வந்தால் வெளியே பழக்குபவர்களும் மழை படாத இடத்தில் ஒரு மண் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த புல்லில் கால் வைக்கப் பல குட்டிகள் மறுக்கும், தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

முழுக்க நம்பிவிட நாலு முதல் ஆறு மாதம் ஆகும், சில குட்டிகளுக்கு ஒரு வருடம்கூட. முதல் மாதம் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்துதான் ஆக வேண்டும். யார் எழுவது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, அப்புறம் குட்டியைக் கூட்டிவாருங்கள்.